ரேடியோ மங்கினால் உடனே மாற்ற வேண்டாம்

லிந்துலையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் என் வேனில் ரேடியோ திரையின் எண்கள் மங்கித் தெரிந்தன. "புது செட்தான் போடணும் நானா" என்றார் ஒரு கடைக்காரர். ஆனால் தலவாக்கலையில் மங்கிய திரை, கினிகத்தேனை தாண்டியதும் தெளிந்தது!

காரணம் மூடுபனி. பகலிலும் லைட் போட்டே ஓடுகிறோம். லைட் எரிந்தால், இரவில் கண் கூசாதிருக்கத் திரை தானாகவே மங்கும். பல செட்களில் அதற்கென்றே தனி வயர் உண்டு. எனவே முதலில் லைட்டை அணைத்துப் பாருங்கள். தெளிந்தால் செட்டில் பழுதில்லை. டிம்மரை நிறுத்தினால் போதும்.

தெளியாவிட்டால், முன்பகுதி கழற்றும் செட்களில் பின்புறத் தொடுமுனைகளை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். தட்டும்போது எண்கள் வந்துபோனால் உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கலாம், மீண்டும் பற்றவைக்கலாம். அந்த செட்டை விற்பவர் குறையைச் சொல்லியே விற்கவேண்டும்.

என் வேனில் பழைய செட்தான் இன்னும் பாடுகிறது.