கேப்டன் நெமோவின் பழியும் மொழிபெயர்ப்பாளர் கத்தரிக்கோலும்

மும்பையோ தில்லியோ கொல்கத்தாவோ, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி நூலகத்தில் ஜூல்ஸ் வெர்னின் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ ஆங்கிலத்தில் அநேகமாக இருக்கும். நீர்மூழ்கிக் கப்பல் சாகசம் என்று சொல்லித்தான் நாமும் எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் 1870ல் வெளிவந்த அந்த நாவல் அடிப்படையில் ஒரு பழிவாங்கும் கதை. 70 மீட்டர் நீளம், மின்சார ஓட்டம் என்று வெர்ன் வர்ணிக்கும் நாட்டிலஸ் கப்பல், கேப்டன் நெமோவின் வஞ்சம் தீர்க்கும் ஆயுதம்.

யாரய்யா இந்த நெமோ? லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘யாருமில்லை’ என்று பொருள். புத்தகம் முடியும்வரை அவருடைய ஊர் பேர் தெரியாது. வெர்ன் முதலில் நினைத்திருந்தது ஒரு போலந்துப் பிரபுவை. 1863 எழுச்சியில் ருஷ்யர்களிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். ருஷ்யாவிலும் புத்தகம் விற்கவேண்டுமே என்று பதிப்பாளர் ஹெட்செல் சம்மதிக்கவில்லை. அதனால் பகை மட்டும் நின்றது, பகைவன் பெயர் போயிற்று.

விடை கிடைப்பது 1875ல், ‘மர்மத் தீவு’ நாவலில். நெமோ நம் நாட்டுக்காரர்! பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் தக்கார். 1857 எழுச்சியில் போரிட்டு, பெற்றோரையும் மனைவி மக்களையும் இழந்தவர். திப்பு சுல்தானுக்கு உடன்பிறந்தார் பிள்ளை என்றும் வெர்ன் எழுதுகிறார். அது எப்படி என்பது அவருக்கே வெளிச்சம். இரண்டு நாவல்களின் ஆண்டுக் கணக்கும் ஒத்துவராது.

இதைத் தெரிந்துகொண்டு முதல் நாவலின் மன்னார் வளைகுடாப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். காலம் 1868 ஜனவரி. காலில் கல்லைப் பற்றிக்கொண்டு முத்துக் குளிக்கிற ஓர் ஏழையைச் சுறா தாக்குகிறது. நெமோ வெறும் கத்தியோடு பாய்கிறார். அவரே சுறாவின் வாயில் போக இருந்த நேரத்தில் நெட் லாண்டின் ஈட்டி காப்பாற்றுகிறது. மயக்கம் தெளிந்த மீனவன் கையில் ஒரு பை முத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அடிமைப்பட்ட நாட்டுக்காரன் அவன், நானும் அவனைச் சேர்ந்தவன்தான் என்கிறார் பிறகு. மன்னார்க் கடலில் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்களில் நம் தமிழ்க் கரை மக்கள் ஏராளம். அவனுக்கு வெர்ன் பெயர் வைக்கவில்லை, போகட்டும்.

அதே கைதான் கடைசியில் ஒரு போர்க்கப்பலை இடித்துப் பிளக்கிறது. எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லப்படவில்லை. மாலுமிகள் மூழ்குவதை நெமோ நின்று பார்க்கிறார். பிறகு அறைக்குள் போய், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்தின் முன் மண்டியிட்டு விம்முகிறார். கதைசொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் அதிர்ந்துபோகிறார். அந்த மாலுமிகளிலும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ! வெர்ன் தீர்ப்பு எழுதாமல் விட்டதுதான் இந்த நாவலின் பலம் என்பது என் கட்சி.

சங்கடம் எங்கே என்றால், நம் கைக்கு வந்த ஆங்கிலப் பிரதியில். 1872ல் வந்த மெர்சியரின் மொழிபெயர்ப்பு மூலத்தில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டிவிட்டது. மூழ்குபவர் அணியும் உடையை, மிதக்க வைக்கும் தக்கைச் சட்டை என்று வேறு எழுதியிருக்கிறார். தக்கையைக் கட்டிக்கொண்டு எப்படி ஐயா மூழ்குவது? ‘மர்மத் தீவு’ கிங்ஸ்டன் பெயரில் வந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சியை நெமோ சாடும் இடம் மாற்றி எழுதப்பட்டது. நாமும் பல காலம் படித்தது இவற்றைத்தான்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டாம் பாகத்தில், நெமோவின் அறைச் சுவரில் போலந்தின் கோஸ்சியுஸ்கோ, அயர்லாந்தின் ஓ'கானல், அமெரிக்காவின் லிங்கன் முதலிய விடுதலை வீரர்களின் படங்கள் தொங்கும். மெர்சியர் அவற்றை எடுத்துவிட்டார். அந்தப் படங்கள் இல்லாத பிரதியைக் கடையிலேயே வைத்துவிட்டு, 1998ல் வந்த வில்லியம் புட்சரின் மொழிபெயர்ப்பைக் கேளுங்கள்.