அருகில் இருப்பது வேறு, பழகுவது வேறு

பல சாதியார் அடுத்தடுத்து வாழ்ந்தால் சாதி மனம் தேயும் என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பத்தில் ஏறக்குறைய மூவர் பட்டியல் சாதியினர்; மாநில அளவில் இருவர். அப்படியானால் இங்கே கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் 2003இல் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனையும் கண்ணகியையும் நஞ்சூட்டி எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று.

மாவட்டக் கணக்கில் நாம் கலந்திருக்கிறோம், தெருவில் கலக்கவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். இருவரும் தினமும் சந்திப்பது வயலில்தான்: ஒருவர் நிலக்காரர், மற்றவர் கூலி. ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதினார்: சமநிலையில், பொது நோக்கத்தோடு, சட்டத்தின் ஆதரவோடு பழகினால்தான் வெறுப்பு குறையும். வரப்பில் நடக்கும் பழக்கம் ஏற்றத்தாழ்வையே பழக்குகிறது.

வறுமைதான் காரணம் என்பதும் பாதி உண்மை. ஊர்த்தெருவிலும் ஏழைகள் உண்டு. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது 'நாம் மேல்' என்ற நினைப்பு மட்டுமே. காலனியில் ஒரு மெத்தை வீடு எழும்பினால் அதுவும் ஆட்டம் காண்கிறது. 2012இல் தருமபுரி நத்தம் காலனியில், பெங்களூரு சென்று உழைத்துச் சேர்த்தவையே தீக்கு இரையாயின. கூலிக்குக் காத்து நின்றவரை யாரும் பொறாமையோடு பார்த்ததில்லை.

நெய்வேலி நகரியத்தில் வீடு பதவிப்படி கிடைக்கிறது, சாதிப்படி அல்ல. அங்கே அடுத்த வீட்டுக்காரரை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மட்டும் எல்லாரும் சொந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.