நகராட்சிக்கும் ஓர் அடிக்கணக்கு



கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெரியாறு அணையில் எத்தனை அடி?" என்பதே அது. உழவர் மட்டுமன்றித் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரும் அதனைக் கேட்பர். விடையும் எண்ணாகவே வரும். பென்னிகுவிக் முயன்று கட்டி 1895-இல் நிறைவுற்ற அவ்வணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி நம்மை வாழ்விக்கின்றது. 1979-இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதையும், உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் அது 142 அடியானதையும் எழுத்தறியாதாரும் அறிவர். இருப்பு எவ்வளவு என்று கண்ட பின்னரே, ஜூன் முதல் நாளில் முதல் போகத்திற்கு மதகைத் திறப்பதா, சற்றுப் பொறுப்பதா என்பது முடிவாகின்றது. 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களின் வாழ்வு இந்த அடிக்கணக்கில் அடங்கியுள்ளது.

ஆற்று நீரை அளக்கத் தெரிந்த நாம், நம் நகரை அளக்கக் கற்றோமா? ஒரு நகராட்சி தன் நிலைபேற்றிற்கென ஆண்டுதோறும் இலக்கு வகுத்துக்கொள்வது எவ்வாறு என்பதனையே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விழைகின்றேன்.

நிலைபேறு என்ற சொல்லைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. வீட்டில் எத்துணை வறுமை வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடியானவரின் அறிவே அது. நீரையும் நிலத்தையும் காற்றையும் இன்று பயன்படுத்தும்போதே, நாளை பிறப்போர்க்கும் அவை குறையாதிருக்கப் பார்த்துக்கொள்வதுதான் அதன் பொருள். ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் 17 இலக்குகளை வகுத்து 2030-ஐ எல்லையாக வைத்தது. அவற்றுள் பதினோராவது நகரங்களைப் பற்றியது. சென்னை மாநகராட்சியும் 2023-இல் தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2050-ஐ எல்லையாகக் கொண்டது. தொலைவிலுள்ள எல்லை வேண்டுவதே. ஆனால் கால் நூற்றாண்டு வேலையை எவரும் நாளைக் காலையில் செய்யத் தொடங்குவதில்லை. அதனை ஆண்டுக் கூறுகளாகப் பகுத்தால்தான் கை வேலையில் படியும்.

இது நகராட்சி மனமுவந்து செய்யும் உபகாரம் அன்று, கடமை. 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைக் குறித்துள்ளது. குடிநீர், சுகாதாரம், கழிவகற்றல் ஆகியவற்றோடு சுற்றுச்சூழற் பாதுகாப்பும் அவற்றுள் ஒன்று.

நல்ல இலக்கிற்கு இலக்கணம் யாது? முதலாவது, இருப்பை அறிதல். தேனி அல்லிநகரம் நகராட்சியையே எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 94,453. பாதாளச் சாக்கடையுள்ள நகருக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என மத்திய அரசின் கையேடு அளவு வகுத்துள்ளது. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் லிட்டர். பயன்படுத்திய நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்பது பொறியாளர் கணக்கு. அதாவது, நாள்தோறும் 1 கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர். அது எங்கே செல்கின்றது? எவ்வளவு சுத்திகரிக்கப்படுகின்றது? இக்கேள்விக்கு எண்ணால் விடை கூறிய பின்னரே இலக்கைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது, எண்ணும் நாளும் ஆளும் குறித்தல். "நகரைத் தூய்மையாக வைப்போம்" என்பது ஆசை, இலக்கு அன்று. "நன்றாகப் படி" என்று சொன்னதனால் படித்த பிள்ளையை என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பத்துக் கணக்கையும் செய்து வா" என்றால் செய்து வருவான். 33 வார்டுகள் உள்ள நகரில், "இவ்வாண்டு மார்ச் முடிவதற்குள் 11 வார்டுகளில் எல்லா வீட்டாரும் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பர், இதற்குப் பொறுப்பு இன்ன அலுவலர், செலவு இவ்வளவு" என எழுதினால், மூன்றாண்டில் நகர் முழுதும் முடியும். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டு விதிகள் வந்துவிட்டன. குறைவது இத்தகைய திட்டமே.

மூன்றாவது, பருவமறிதல். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகின்றது. மழை அதற்குக் காத்திராது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருமுன் வாய்க்காலைத் தூர்வாராவிடில், ஒதுக்கிய பணம் இருந்தும் பயனில்லை. ஆதலின் இலக்கினைத் தையிலேயே வகுத்து, வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குரிய பணத்தையும் வைத்தல் வேண்டும்.

நான்காவது, எளிய வினாத்தாளைத் தவிர்த்தல். நட்ட மரக்கன்றுகளை எண்ணுவது எளிது. ஓராண்டு கழித்து உயிரோடிருப்பவற்றை எண்ணுவதே நேர்மை. வாங்கிய குப்பைத் தொட்டிகளை அன்று, குப்பைக்கிடங்கிற்குப் போகாமல் தடுத்த குப்பையையே அளக்க வேண்டும்.

இத்தனை வற்புறுத்துவானேன் என்று நீங்கள் கேட்கலாம். முல்லைப் பெரியாறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர்ப்பக்கமாகவே வந்து, தேனிக்கருகே வைகையோடு கலக்கின்றது. பின்னர் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகின்றது. ஓர் ஊரின் கடைவாய்க்கால் அடுத்த ஊரின் தலைவாய்க்கால்! மேலூரார் விட்ட கழிவைக் கீழூர்க் குழந்தை குடிக்கும் நிலை வரலாமா? தேனி ஒன்று மட்டும் இலக்கு வைத்துப் பயனில்லை. மாவட்டத்தின் ஆறு நகராட்சிகளும் ஆற்றங்கரைப் பேரூராட்சிகளும் ஒரே முறையில் அளந்து, ஒரே நாளில் வெளியிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எப்போதும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2016-இல் பதவிக்காலம் முடிந்த பின், தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைக்காலத்தில் தனி அலுவலர்களே நிருவகித்தனர். தலைவர் மனத்தில் மட்டும் இருக்கும் இலக்கு அவரோடு போய்விடும். எழுதி, ஊரறிய ஒட்டிவைத்த இலக்கோ எவர் வந்தாலும் கேள்வி கேட்கும்.

அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் நாமே. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளில், நகர்ப்புறங்களிலும் பகுதி சபைகள் கூடின. அத்தகைய கூட்டத்திற்குச் சென்று, "சென்ற ஆண்டு சொன்னது எவ்வளவு? செய்தது எவ்வளவு? குறைந்ததற்குக் காரணம் யாது?" என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பழி கூறுவதற்காக அன்று. அடுத்த ஆண்டின் இலக்கைச் சரியாக வகுப்பதற்காக. கேட்குமுன் நம் வீட்டுக் குப்பையைப் பிரித்துவிட்டுச் செல்வது நலம்.

அணையின் அடியைப் போல, நகரின் கழிவுக்கணக்கும் தேநீர்க் கடையில் பேசப்படும் நாள் வரட்டும். அன்று நம் ஆறு தானே தெளியத் தொடங்கும்.