நீர்க்காகமும் முக்குளிப்பானும்

வெள்ளவத்தைக் கால்வாயோரம் நடந்துவரும் நம் மாணவர், நீரில் மூழ்கியெழும் பறவை எதனையும் நீர்க்காகம் என்றே கூறுவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பேர வாவியைக் கடந்து வருவோர் கூற்றும் அஃதே. மூழ்கி இரைதேடுந் தொழில் ஒன்றாயினும் அதனைச் செய்யும் பறவைகள் ஒன்றல்ல. அவற்றுள் இரண்டனை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

சிறு நீர்க்காகம் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் நீளமுடையது. நுனி வளைந்த அலகும் நீண்ட வாலுங் கொண்டது. முக்குளிப்பான் அதிற் பாதியளவினது, கூரிய சிற்றலகுடையது, அதற்கு வால் உண்டென்பதே தெரியாது. முன்னது தோற்றத்தாற் பெயர்பெற்றது. பின்னது செயலாற் பெயர்பெற்றது. எனினும் முன்னது காகமுமன்று. பின்னது பலர் எண்ணுமாறு வாத்துமன்று. முக்குளிப்பானுக்கு நெருங்கிய உறவு பூநாரையே என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி, கால்களை நோக்குவோம். நீர்க்காகத்தின் நான்கு விரல்களும் ஒரே சவ்வினால் இணைந்துள்ளன. முக்குளிப்பானின் விரல்களோ தனித்தனியே மடல் விரிந்து துடுப்புகளாக உதவுகின்றன. அதன் கால்கள் உடலின் பிற்கோடியில் அமைந்தமையால், நீரில் விரைவும் நிலத்தில் தடுமாற்றமும் அதற்கு இயல்பாயின.

இறகிலும் வேற்றுமை உண்டு. நீர்க்காகத்தின் இறகுகள் எளிதில் நனைவன. நனைதலால் உடலின் மிதப்புக் குறைந்து மூழ்குதல் எளிதாகின்றது. ஆதலினாலேயே அது கரையேறியதும் சிறகை விரித்து வெயிலிற் காய்கின்றது. முக்குளிப்பானின் இறகில் நீர் ஒட்டாது. இறகுகளை உடலோடு அழுத்தி, இடையிலுள்ள காற்றை வெளியேற்றியே அது அமிழ்கின்றது.

நீர்க்காகம் கொக்கினங்களோடு கூடி மரங்களிற் கூடுகட்டும். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்குங் கூடு அமைக்கும். கூட்டைவிட்டு நீங்குங்கால் முட்டைகளைப் பாசியால் மூடிச்செல்லும். குஞ்சுகளை முதுகிற் சுமந்து நீந்தும்.

இவ்வேற்றுமையை அறிதலாற் பயன் யாதெனின், கூறுவாம். பெல்லன்வில - அத்திடியச் சதுப்புநிலம் 1990 இல் சரணாலயமாயிற்று. 2018 இல் கொழும்பு மாநகர் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென ஏற்கப்பட்டது. எனினும் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்புமிடத்து, நீர்க்காகம் வேறொரு வாவிக்கரை மரத்தை நாடிப் பிழைக்கும். நீர்ச்செடி செறிந்த அமைதியான நீர்நிலையை இழந்த முக்குளிப்பானுக்கு அம்மரத்தாற் பயனில்லை. இரண்டனையும் ஒரே பெயரால் அழைக்கும் நாமோ, "நீர்க்காகம் இன்னும் இருக்கின்றதே" என்று ஆறுதலடைவோம். மறைந்தது எதுவென்றும் அறியோம்.

பெயர் அறியாத ஒன்றன் இழப்பை உணர்வார் இலர். ஆதலின் பழைய மாணவர்காள், ஒரு ஞாயிறு காலையில் உங்கள் பிள்ளைகளை அத்திடியவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இவ்விரண்டனையும் வேறு வேறாகக் காட்டுங்கள்.