தென்காசி டு நியூயார்க்: உட்கார்ந்தே கழியும் 28 மணி நேரம்

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் அம்மா அப்பாவிடம் எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டால், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைச் சொல்வார்கள். கால்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. தென்காசியில் காரில் ஏறி செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர ஏறத்தாழ 3 மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரக் காத்திருப்பு. தோஹாவுக்கோ துபாய்க்கோ நாலரை மணி நேரம். அங்கே அடுத்த விமானத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம். அதன் பிறகு நியூயார்க்குக்கு 14 மணி நேரம். கூட்டினால் 28-ஐத் தொடும். சென்னையில் விமானம் ஏறுபவர்களுக்கு இன்னும் கூடும். ஆனால், பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். அது ஒரு லாபம்தான்.

விமானம் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவர்களின் கவலை அதுவல்ல. காலைத் தொங்கப்போட்டபடி, பக்கத்து ஆளுக்குத் தொந்தரவு தரக் கூடாதே என்று ஒடுங்கி, ஒரு நாளுக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் கவலை.

கெண்டைக்காலில் உறையும் ரத்தம்

1940-இல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, மக்கள் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலி போட்டு இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினார்கள். குண்டு படாமலேயே சிலர் திடீரென்று இறந்தார்கள். கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர் அந்த உடல்களைப் பரிசோதித்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி கழன்று போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்திருந்தது. அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் இதை எழுதினார். ஆக, இது விமானம் கொண்டுவந்த நோய் அல்ல. காரிலும் பஸ்ஸிலும் ரயிலிலும், நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் வரும்.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகிறது. 4 மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பயணம் செய்தால் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொன்னது. அப்படியும் ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். இந்த எண்ணைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முன்பு ஒருமுறை ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆகியோருக்கு அபாயம் இதைவிட அதிகம்.

அந்த அறிக்கையில் நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 190 செ.மீ.க்கு மேல் உயரமானவர்களோடு, 160 செ.மீ.க்குக் குறைவானவர்களையும் அது ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருந்தது. நம் அம்மாக்களில் பெரும்பாலோர் 160-ஐ எட்டாதவர்கள். விமான இருக்கையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாது. இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். காலடியில் ஒரு சின்னப் பையை வைத்து, பாதத்தை அதில் ஊன்றிக்கொண்டால் போதும்.

"மேகத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும்" என்று அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைப்பது பாசம்தான். ஆனால் இரண்டு பேரைத் தாண்டி எழுந்து போகக் கூச்சப்பட்டு 14 மணி நேரமும் அவர் அங்கேயே இருந்துவிடுவார். நடைபாதை ஓரத்து இருக்கையை அவருக்குக் கொடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் ஒரு நடை. உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது. தையல் மெஷின் மிதித்தவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகளை மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். அளவு சரியாக இருக்க வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோன சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பயணத்துக்காக என்றே ஆஸ்பிரின் போட்டுக்கொள்வதை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆதரிக்கவில்லை. தூக்க மாத்திரையும் வேண்டாம். ஒரே நிலையில் பல மணி நேரம் மடங்கிக் கிடக்க வைத்துவிடும்.

இன்னொன்று சக்கர நாற்காலி. ஆங்கிலம் தெரியாது, வழி தவறிவிடும் என்பதற்காக, நன்றாக நடக்கக்கூடிய பெற்றோருக்கும் பிள்ளைகள் அதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். வழிகாட்ட ஆள் கிடைப்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அதில் போய்விடுகிறது. வாயில் அருகே இறக்கிவிட்டதும் எழுந்து பத்து நிமிடம் உலாவுங்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் குடிக்காத அம்மா

பஸ் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பழகியவர்கள் நம் பெண்கள். அந்தப் பழக்கம் விமானத்துக்கும் கூடவே வருகிறது. உள்ளே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தொண்டையும் கண்ணும் வறளும். 28 மணி நேரமும் நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் குடித்தால் தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு என்று எல்லாம் வரிசையாக வரும். அடிக்கடி சிறுநீர் போகாமல் இருக்க, சிறுநீரைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்து.

"தண்ணீர் குடிங்க அம்மா" என்று சொன்னால் மட்டும் போதாது. கழிப்பறைப் பயத்தைப் போக்க வேண்டும். கதவை நடுவில் அழுத்தினால் உள்ளே மடங்கும், ஃப்ளஷ் செய்தால் பெரிய சத்தம் வரும், குவளையோ பைப்போ இருக்காது என்று முன்கூட்டியே யூடியூபில் காட்டிவிடுங்கள். ஈரத் துடைப்புத்தாளும், விமானத்துக்குள் தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஒரு காலிப் பாட்டிலும் கையில் இருக்கட்டும். எத்தனையோ உடல்நல அறிவுரைகளை விட இது உதவும்.

பொதிகை உச்சியில் உட்கார்ந்தபடி

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். பொதிகை எனும் அகத்தியர் மலை 1,868 மீட்டர், அதாவது 6,000 அடிக்குச் சற்று மேல். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அந்த உயரத்தில்தான் பயணம் முழுக்க இருக்கிறீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் சில சதவீதம் குறையும். நல்ல உடம்புக்கு அது தெரியாது. நாள்பட்ட நுரையீரல் நோய், இதய பலவீனம், கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாரடைப்பு வந்தவர்களும் வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை முடித்தவர்களும் அவர் சொல்லும் இடைவெளி விட்டே பறக்கலாம்.

கண் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விழித்திரை அறுவை சிகிச்சையில் சில சமயம் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடலாம்.

வயிற்றிலுள்ள வாயுவும் விரியும், கால் பங்குக்கு மேலேயே. திருவனந்தபுரம் போகிற வழியில்தான் பரோட்டாவுக்குப் பேர்போன பிரானூர் பார்டர். "இனி எப்போ சாப்பிடப் போறோம்" என்று கார் அங்கே நிற்கும். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் முட்ட முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளைக் கடந்து, அடுத்து பொதிகை உயரத்துக்கும் போனால் வயிறு என்ன செய்யும்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி வயிற்றோடு எழுந்துவிடுங்கள்.

குற்றாலத்தில் குளித்த கையோடு

ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை, குற்றாலத்தில் சீசன். ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஆடித் தீர்த்து, சாரலிலும் நனைந்து, மூக்கடைப்போடு விமானம் ஏறுவது வழக்கமாக நடப்பது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சளியால் வீங்கி அடைத்திருந்தால், விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவது பெரும்பாலும் இதனால்தான்.

இறங்கத் தொடங்கும்போது குழந்தை தூங்கினால் எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், பெரிய பிள்ளைக்கு மிட்டாய், பெரியவர்கள் மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதினால் காது திறக்கும். மூக்கடைப்பு இருந்தால் இறங்குவதற்கு அரை மணி முன்பு சொட்டு மருந்து. குழந்தைகளுக்கு மருத்துவர் சொன்னதை மட்டும். காதில் சீழோ கடும் வலியோ இருந்தால் தேதியை மாற்றுவதே நல்லது. அருவிக் குளியலைப் பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தூங்க வைப்பதற்காகப் பிள்ளைகளுக்குச் சளி சிரப் கொடுப்பது கூடாது; புரோமெத்தசின் போன்றவை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சையே பாதிக்கும்.

மருந்தும் கடிகாரமும்

மருந்துகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. சரக்கு அறையில் குளிரில் உறைந்தால் இன்சுலின் வீணாகும். அமெரிக்கா போகும்போது அந்த நாள் நீளும், திரும்பும்போது சுருங்கும். எந்த நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைத் தட்டு கைக்கு வந்த பிறகு போடுவது புத்திசாலித்தனம். டிராமடால், கோடீன் கலந்த மருந்துகளுக்கு அமீரகத்தில் முன்னனுமதி தேவை. அங்கே கசகசாவுக்கும் தடை. அம்மா பொட்டலம் கட்டும் மசாலாவைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறியவர்களின் காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் பல நாள் மெதுவாகப் போனது. உடல் கடிகாரமும் கூடவே நகர்ந்தது. இன்று ஒரே நாளில் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசத்தைத் தாண்டுகிறோம். போன இடத்தின் காலை வெயிலில் நடப்பதும், பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துவதும்தான் மருந்து. உடம்பு பழக ஒரு வாரமாவது பிடிக்கும். கிழக்கு நோக்கித் திரும்பும்போது இன்னும் சிரமம்.

இறங்கிய பிறகு

இரண்டு பாதங்களும் லேசாக வீங்குவது சகஜம், ஓரிரு நாளில் வடியும். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இந்த அபாயம் நான்கு வாரம்வரை நீடிக்கும். நம் வீடுகளில் கால் வலி என்றதும் தைலம் தேய்த்து அழுத்தி நீவுவோம். அதைச் செய்யாதீர்கள், கட்டி கழன்றுவிடலாம். மருத்துவரிடம் "விமானத்தில் வந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அங்கே மருத்துவமனைச் செலவு பிள்ளைக்குச் சுமையாகுமே என்று பெற்றோர் வலியை மறைப்பார்கள். பழைய நோய்களையும் ஒளிக்காமல் எழுதி, பயணக் காப்பீடு எடுத்துவிட்டால் அந்தத் தயக்கம் குறையும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் வந்தால் மகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 911, சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998, கத்தாரில் 999. கிளம்புவதற்கு முன்பே இந்த எண்களை அப்பா அம்மாவின் போனில் பதிந்து, எப்படி அழைப்பது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.