கடவுளிடமே மூல ஓலை கேட்ட சபை! தெரியுமா?

கடவுளே நேரில் வந்து வழக்காடினாலும் "ஆதாரத்தைக் காட்டு" என்று கேட்ட ஊர்ச்சபை ஒன்று நம் பக்கத்தில் இருந்ததாக பக்தி இலக்கியமே சொல்கிறது, தெரியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்தவர் சுந்தரர். அவர் கல்யாணத்தன்று ஒரு கிழவர் பந்தலுக்குள் நுழைந்து, "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார்! வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. "கிழித்தது படி, மூல ஓலை இதோ" என்று கிழவர் நீட்டுகிறார். சபையார் அப்போதும் நம்பிவிடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான். இதைப் பாடியவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார், கரைந்துருகும் பக்தர்! அந்தப் பக்தரின் காவியத்திலேயே கடவுளின் வழக்குக்கும் சான்று தேவைப்பட்டிருக்கிறது. கடவுள் மறுப்பாளர்கள் இன்றுவரை கேட்பதும் அந்த ஓலையைத்தான்.

நாத்திகம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்று நம்புகிறவர்கள் ஒருமுறை உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டைக்குப் போய் வர வேண்டும். அங்கே குன்றின்மேல் அப்பாண்டைநாதராகப் பார்சுவநாதர் நிற்கிறார். தமிழ்ச் சமணர்கள் இன்றும் வந்து வழிபடுகிறார்கள். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் கிடையவே கிடையாது என்பது சமணத்தின் அடிப்படைக் கொள்கை, தெரியுமா? உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, செய்தவரும் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்துச் சமண ஆசாரியர் ஜினசேனர் மகாபுராணத்தில் கேள்விகளை அடுக்குகிறார்: படைப்பதற்கு முன் கடவுள் எங்கே இருந்தார்? எந்த மூலப்பொருளைக் கொண்டு படைத்தார்? குறையில்லாதவருக்குப் படைக்கும் ஆசை எப்படி வந்தது? இந்தப் பகுதியை 1980இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் தம் புகழ்பெற்ற 'காஸ்மோஸ்' நூலில் எடுத்துப் போட்டார்! திருநறுங்கொண்டைக் குன்றில் கைகூப்பி நிற்கும் குடும்பங்களின் சமயத்துக்குள்ளேயே இருந்த கேள்வி அது.

மணிமேகலையில் பூதவாதி ஒருவர் வந்து பேசுவதைப் படித்திருக்கிறீர்களா? ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் முன்பு எதிலும் இல்லாத மதுவின் வெறி பிறப்பதைப் போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போய்விடுகிறது, மறுபிறப்பெல்லாம் இல்லை என்கிறார். மணிமேகலை அவரை ஏற்கவில்லை, மடக்குகிறாள். ஆனாலும் ஒரு பௌத்தக் காப்பியம் தனக்கு எதிரான வாதத்தை அவர் வாயாலேயே முழுசாகப் பேசவிட்டதே, அந்தப் பெருந்தன்மையைப் பாருங்கள்!

இப்போது திருக்கோவிலூருக்கு வாருங்கள். இந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஒரு புத்தகமே வேண்டும். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் இடைகழியில் நெருக்கி நின்று பெருமாளைக் கண்டதாக வைணவம் கொண்டாடும் ஊர் இது. அதே ஊரில், தென்பெண்ணை ஆற்றின் நடுவே, கபிலர் குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. நண்பன் பாரி இறந்த பிறகு அவன் மகளை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்கிறார்கள். வெறும் வாய்வழிக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் தீப்புகுந்த செய்தியை இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு பேசுகிறது! சங்கப் புலவர் ஒருவரின் மரணத்தை ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

கபிலர் பெயரில் பிற்காலத்தில் எழுந்த நூல் கபிலர் அகவல். மொழிநடையைப் பார்த்தாலே சங்கக் கபிலர் எழுதியதல்ல என்று தெரிந்துவிடும். எழுதியவர் யாராக இருந்தாலும் என்ன நெஞ்சுரம்! மழை ஆளைப் பார்த்து, குலத்தைப் பார்த்துப் பெய்கிறதா என்று கேட்கிறது அந்த நூல். திதி கொடுப்பதையும் விடவில்லை. மந்திரம் சொல்லி இங்கே சோறு படைத்ததும், செத்துப்போனவர் திரும்பி வந்து கையேந்தி நின்றதைக் கண்டவர் யார், இங்கே ஒருவர் உண்ட உணவால் அங்கே யார் பசி தீர்ந்தது என்று நேருக்கு நேர் கேட்கிறது. பெரியார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இவ்வளவும் தமிழில் கேட்டாகிவிட்டது!

1878இலேயே சென்னையில் கடவுள் மறுப்பாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது தெரியுமா? சென்னை லௌகிக சங்கம் என்று பெயர். 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். சாதி, சடங்கு, சோதிடம், பெண்ணடிமை எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இவர்களில் ஒருவரான அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் மதக் கண்டனம் மட்டும் எழுதவில்லை, நிலமில்லாத உழவர்களுக்காக மிராசுதாரர்களை எதிர்த்தும் எழுதினார். மறந்தே போன இந்தப் பக்கங்களைத் தேடித் தொகுத்துத் தந்தவர் பேராசிரியர் வீ. அரசு. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அந்தச் சங்கத்துக்கு முன்மாதிரி, லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய தேசிய மதச்சார்பற்ற சங்கம். அதன் மேடைகளில் அன்று அனல் பறக்கப் பேசிய நாத்திகப் பெண்மணி யார் தெரியுமா? அன்னி பெசன்ட்! ஆம், பின்னாளில் பிரம்மஞானியாகி 1893இல் இந்தியாவுக்கு வந்து, அடையாறில் வாழ்ந்த அதே அன்னி பெசன்ட்தான். பிராட்லா 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கடவுள் பெயரிலான உறுதிமொழித் தகராறில் 1886 வரை அவரை ஒழுங்காக உட்கார விடவில்லை. இன்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழியையும் கொடுக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றது இரண்டாவது வழியில்.

பகத்சிங் 1930 அக்டோபரில் லாகூர் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைச் சில ஆண்டுகளிலேயே தமிழுக்குக் கொண்டுவந்தவர் ப. ஜீவானந்தம். அதை வெளியிட்டவர் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி. இருவரையுமே அரசு கைது செய்தது. ஒரு மொழிபெயர்ப்புக்குச் சிறை!

பெரியார் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியெல்லாம் தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலம். 1944இல் மாவட்டத் தலைநகரான கடலூரில் ரிக்ஷாவில் போன பெரியார்மீது ஒரு செருப்பு வந்து விழுந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி, இன்னொரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார். ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் உதவாது, தமக்கும் உதவாது அல்லவா! பின்னாளில் அதே கடலூரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெரியார் சிலைகளின் பீடத்திலுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கடவுளை நம்புகிறவருக்குப் பேச்சுரிமை இருப்பதுபோல மறுக்கிறவருக்கும் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இவ்வளவு நடந்த மண்ணில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 1,300 பேர்தான்! இந்தியா முழுவதற்கும் சுமார் 33,000. பகுத்தறிவு பேசும் வீட்டிலும் கணக்கெடுக்க வருகிறவர் கேட்டால் பிறந்த மதத்தையே சொல்லிவிடுகிறோம். இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

சரி, சாமியார்களின் அற்புதங்களுக்கு வருவோம். பகுத்தறிவாளர்கள் நடத்தும் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சியை ஊர்த் திடலில் பார்த்த பிள்ளைகளின் கண்களைக் கவனித்திருக்கிறீர்களா? அப்படி விரிந்துபோகும்! நெய் ஊற்றியதும் தானாகவே தீப்பற்றும் யாகம் இருக்கிறதே, அந்த நெய் நெய்யே அல்ல, கிளிசரின். அடியில் பொட்டாசியம் பர்மாங்கனேட் தூள் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வருகிறதா? கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவியிருப்பார்கள், பழத்தின் அமிலம் பட்டதும் சிவந்துவிடும். தேங்காய் தானாக எரிகிறதா? குடுமி நாருக்குள் சோடியத் துண்டு ஒளிந்திருக்கும், தீர்த்தம் தெளிப்பதுதான் தீவைப்பு. விபூதி வரவழைக்கும் கைக்குக் கஞ்சியில் பிடித்த சாம்பல் உருண்டை போதும், விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் கொட்டும்.

தீமிதி இன்னும் அழகானது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி இல்லாத திருவிழா உண்டா? கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் படர்ந்தால் இன்னும் மெதுவாக. கால் கங்கின்மேல் படுவதோ ஒரு நொடிகூட இல்லை. அதனால் நிற்காமல் நடக்கிறவருக்குச் சுடுவதில்லை. தடுமாறி விழுந்தால், எவ்வளவு பக்தியோடு விரதம் இருந்தாலும் சுடும். திராவிடர் கழகத்தவர் கடவுள் இல்லை என்று முழங்கிக்கொண்டே தீ மிதித்துக் காட்டினார்கள், முதுகில் அலகு குத்திக் கார் இழுத்தார்கள்! யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் இன்னும் ஒரு படி மேலே போனார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் கண்மூடும் வரை அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை. கோயம்புத்தூர் போத்தனூரில் இருந்துகொண்டு அந்தச் சவாலைத் தொடர்ந்தவர் பி. பிரேமானந்த்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பாம்புக்கடி. மலையடிவார ஊர்களில் பாம்பு தீண்டினால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், சிலர் பிழைப்பதும் நடக்கும். மந்திரித்தது பலித்துவிட்டது என்பார்கள். நம்மூர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை, நஞ்சுள்ளது கடித்தாலும் சில சமயம் நஞ்சு இறங்காது. அப்படிப் பிழைத்தவர்கள் மந்திரவாதியின் கணக்கில் ஏறுகிறார்கள். நல்லபாம்போ கட்டுவிரியனோ கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ நஞ்சை இறக்கிவிட்டால், காப்பது ஆஸ்பத்திரியில் உள்ள முறிவு மருந்து மட்டும்தான். அந்த மருந்துக்கு நஞ்சு எடுத்துக்கொடுப்பவர்கள் யார் தெரியுமா? 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்! தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் கையால் எடுத்த நஞ்சுதான் இந்தியா முழுவதும் உயிர் காக்கிறது. கடவுள் நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, கடிபட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்வராயன் மலைக்கு ஏறுவோம். வெள்ளிமலை, மேகம் அருவி, பெரியார் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை என்று சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது தெரியுமா? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். 1976இல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லா வேலையும் செய்தார்கள். அதே 1976இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 42ஆவது திருத்தம்தான் அரசியல் சட்டத்தின் முகப்புரையில் மதச்சார்பின்மையை எழுதியது. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் கேள்வி கேட்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்றும் சேர்த்தது. கேள்வி கேட்பதைக் கடமையாகவே எழுதிவைத்த அரசியல் சட்டம் நம்முடையது!

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு. கடவுளை மறுத்தவர்கள்தான் கோயில் வாசலைத் திறக்கவும் போராடினார்கள். பெரியார் 1924இல் வைக்கத்தில் இரண்டு முறை சிறை போனது, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடப்பதற்காக. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அவர் கோரிக்கைக்கு 1970இல் சட்டம் வந்தது. வழக்குகளைத் தாண்டி அந்தப் பணி நியமனம் பலருக்கு ஒருசேரக் கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில்.

2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி. கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள், தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டிருந்த தலித் மக்கள் முதன்முறையாக நுழைந்தார்கள். மாவட்ட ஆட்சியரும் போலீசும் கூடவே நிற்க வேண்டியிருந்தது. உள்ளே போனவர்கள் பெருமாளைக் கும்பிட்டார்கள். கும்பிடட்டும்! நான் கும்பிடுவதில்லை, ஆனால் அவர்களை நிறுத்தி வைத்தவர்களோடு எனக்குள்ள வழக்கு இன்னும் முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில், பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் இதே தகராறில் திரௌபதி அம்மன் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். தலித் மக்கள் அதற்குள் போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று.