வேட்டைக்காரரின் கவைக்கோல்

பிரிட்டனின் காட்டோரங்களில் ரோ மான் வேட்டைக்குச் செல்கிறவர்கள் துப்பாக்கியோடு, அதைச் சார்த்திச் சுடுவதற்கென்று தவறாமல் எடுத்துச் செல்லும் கவைக்கோல், கடைகளில் விலைக்குக் கிடைப்பினும், அதைத் தம் கையாலேயே செய்துகொள்வோர் அங்கே இன்றும் பலர் உளர். அது எளிய பொருள்தான். ஆயினும் அதன் அவசியத்தை உணர வேண்டுமானால் மனித சரீரத்தின் இயல்பை முதலில் அறிய வேண்டும்.

சுவாசிக்கும்போது மார்பு உயர்ந்து தாழ்கிறது. இருதயம் துடிக்குந்தோறும் தோள் அதிர்கிறது. தசைகளோ, நாம் எவ்வளவு மன உறுதியுடன் அடக்கினாலும், விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை நுண்ணியதாய் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. துப்பாக்கியின் முன்பகுதி ஓரிடத்தில் நிலைத்திருக்க, அதற்கு 50 செ.மீ. பின்னால் தோளில் பதிந்த அடிக்கட்டை 1 மி.மீ. மாத்திரம் நகர்ந்தாலும், 100 மீட்டருக்கு அப்பால் குண்டு 20 செ.மீ. விலகிவிடும். ரோ மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய பாகம் விரித்த கையைச் சற்றே மிஞ்சும் அளவினதாகையால், அவ்விதம் விலகிய குண்டு வயிற்றிலோ காலிலோ பாய்ந்து, அந்தப் பிராணி புதருக்குள் ஓடி மறைந்து, நெடுநேரம் வதைபட்டு இறக்க நேரிடும். இக்கொடுமையைத் தவிர்ப்பதே கவைக்கோலின் பிரதான பிரயோஜனம்.

கட்டைவிரல் பருமனுள்ள நேரான ஹேசல் மரக் கிளைகளை, சாறு குறைந்திருக்கும் குளிர்காலத்தில் வெட்டி, வளையாதபடி சேர்த்துக் கட்டி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். நின்றபடி சுடுவதற்கு ஆளின் தோளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட நீளம் வேண்டும். உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு கோல்களையும் குறுக்காக வைத்து, பழைய சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த ரப்பர் வளையத்தால் பிணைத்தால் கவை உண்டாகிவிடும். கவையின் உட்புறத்தில் தோல் சுற்றுவது அழகுக்காகவன்று; கடினமான பரப்பின்மீது வைத்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளிக் குறி தவறும். அதே காரணத்தால் குழலை நேரே கவையில் வைக்காமல், மரத்தாலான முன்கட்டையையே வைக்க வேண்டும்.

இருகால் கோல் முன்பகுதியை மட்டுமே தாங்குவதால், முன்சொன்ன அடிக்கட்டையின் அசைவு அப்படியே எஞ்சி நிற்கும். அதனால், தோட்டச் செடிகளுக்கு ஊன்றும், பிளாஸ்டிக் பூசிய நான்கு எஃகுக் குச்சிகளை இணைத்து, முன்னும் பின்னும் இரு கவைகள் அமையச் செய்யும் முறை அங்கே பெரிதும் பரவியிருக்கிறது. சுமப்பதற்குச் சற்றுச் சிரமமெனினும், ஸ்திரத்தன்மையில் இதுவே சிறந்ததென்பது என் துணிபு.

1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில், ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள ஷார்ப்ஸ் துப்பாக்கிகளை இத்தகைய குறுக்குக் கோல்களில் சார்த்தியே, வேட்டைக்காரர்கள் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளை அழித்தார்கள் என்பதும் மறக்கத்தக்கதன்று. அக்குற்றம் கருவியினுடையதன்று, பேராசையினுடையது.

கவைக்கோலை ஊன்றிப் பழகாதவர், நின்ற நிலையில் தொலைவிலுள்ள மானைக் குறிவைக்கத் துணியலாகாது.